நாற்பது அட்டைகள்

என் கணவரின் மூளையில் எது இருக்க வேண்டும், எது போகலாம் என்று நாற்பது அட்டைகளில் எழுதியவள் நான். முதல் சுற்றில் நாற்பது. ஐந்து வருடம் கழித்து இரண்டாம் சுற்றில் அதே நாற்பது. அட்டைகளில் என்ன எழுதினேன் என்பதற்கு மையத்தில் பதிவு இருக்கிறது. என்ன எழுதாமல் விட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாட்குறிப்பு வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை, நினைவிலிருந்து எழுதுகிறேன். தேதிகள் முன்பின் இருக்கலாம். பேச்சு அப்படியே இருக்கும்.

அவர் பெயர் நாச்சிமுத்து. கோயம்புத்தூரில் கணபதி பகுதிக்கு அப்பால் ஒரு பம்பு வார்ப்படப் பட்டறையில் இருபத்தாறு வருடம் மோல்டராக இருந்தார். மரத்தில் செய்த பேட்டர்னை மண்ணில் வைத்து இறுக்கி, அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றுகிற வேலை. நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்க்கிறேன். பெரியப்பா பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் ஒரு குடும்பமே சண்டைக்கு வந்து நிற்கும். எங்கள் மகன் மிதுனின் கண்ணீர் அஞ்சலித் தாளையும் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். தோற்றம், மறைவு இரண்டுக்கும் ஒரே வருடத்தைப் போட்டிருந்தார்கள். திருத்தினேன்.

மிதுனுக்கு அப்போது பதினொரு வயது. அவனுடைய சைக்கிளில் பின் பிரேக் தேய்ந்து போயிருந்தது. சனிக்கிழமை மாலை இவர் புது பிரேக் கட்டை ஒரு ஜோடி வாங்கிவந்து சட்டைப் பையில் போட்டிருந்தார். "காலைல டீ குடிச்சுட்டு மாட்டித் தர்றன் சாமி" என்று அவனிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு அவசர மெய்ப்பு ஒன்று வந்திருந்தது. அதை முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். டீ தாமதமானது. அவன் காத்திருக்கவில்லை. ரயில்வே சுரங்கப்பாதைச் சரிவில் இறங்கும்போது எதிரே தண்ணீர் லாரி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வராது.

பிறகு ஆறு வருடம், மாலையில் டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "டீக்கு முன்னாடியே மாட்டியிருக்கோணும் கோதை."

அவர் தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். என்னை ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த டீயைத் தாமதமாகப் போட்டவள் நான். ஆறு வருடம் ஒவ்வொரு மாலையும் டம்ளரை நீட்டிவிட்டு அந்த வாக்கியத்துக்காக நின்றுகொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறையை மூடினார்கள். அச்சு எடுக்க இயந்திரம் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு 'மறுகற்றல்' என்ற திட்டத்தை அறிவித்தார்கள். ஆறு வாரம் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து, முடிந்ததும் வேறு வேலை. இவருக்கு ஒதுக்கியது இருகூர் கட்டுப்பாட்டு அறை. ஓட்டுநர் இல்லாத சரக்கு ரயில்களை மேசையிலிருந்து கவனிக்கிற வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு நானூறு கிலோமீட்டர் தடமும், ஒவ்வொரு சிக்னலும், ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் தலைக்குள் ஏற வேண்டும்.

சிங்காநல்லூரில் மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலையின் நூற்புக் கூடம்தான் மையம். முதல் நாள் கணவன் மனைவியாக நாற்பது ஜோடி உட்கார்ந்திருந்தோம். பெனிட்டா என்ற ஆலோசகர் வந்து பேசினார். முப்பது வயதுகூட இருக்காது.

"சின்னக் குழந்தைங்க எதையும் சட்டுனு கத்துக்குது இல்லீங்களா? அவங்க மூளைல ஒரு கதவு தெறந்திருக்கும். வயசாக ஆக மூடிக்கும். இந்த மருந்து அந்தக் கதவ ஆறு வாரத்துக்குத் தெறந்து விடுது. ஆனா கதவு தெறந்தா உள்ள வரவும் செய்யும், வெளிய போகவும் செய்யும். தெனம் பழகறது நிக்கும். பழகாதது காஞ்சு உதிர்ந்திரும்."

"உதிர்ந்திரும்ன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

பெனிட்டா சொல்வதற்குள் இவர் சொன்னார். "மண்ணுங்க. ஒரு அச்சு எடுத்து ஊத்தி முடிச்சா, அதே மண்ண ஒடைச்சுத்தான் அடுத்த அச்சு போடறோம். புது மண்ணா வாங்கறோம்? பழைய அச்சு போயிரும். பேட்டர்ன் பத்திரமா இருந்தாத் திருப்பி எடுத்துக்கலாம்."

"அதேதானுங்க. அந்தப் பேட்டர்னத்தான் உங்க வீட்டம்மா எழுதித் தரப் போறாங்க" என்றார் பெனிட்டா.

ஒவ்வொருவருக்கும் நாற்பது அட்டை. அதற்கு மேல் கூடாது. பழையதைப் பழக்கிக்கொண்டே இருந்தால் புதியது ஏறாது. தினமும் காலை ஏழிலிருந்து எட்டு வரை, மையத்தில் மருந்து கொடுத்த பிறகு, கணவனோ மனைவியோ எதிரில் உட்கார்ந்து அட்டைகளைச் சொல்ல வேண்டும். வெறும் பெயராகச் சொன்னால் நிற்காது. இடம், வாசனை, கையில் இருந்த பொருள் எல்லாம் வேண்டும். முடிந்தால் அந்தப் பொருளையே கையில் கொடுத்துவிட வேண்டும். பயிற்சி எடுப்பவரே எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, "மருந்து எறங்கின பொறகு எது போச்சுன்னு அவங்களுக்கே தெரியாதுங்க. வெளிய இருந்து ஒருத்தர் சொல்லோணும்" என்றார்.

பட்டறையில் இவருடன் வேலை செய்த பழனிச்சாமி அண்ணன் முன் வரிசையில் இருந்தார். மனைவியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். "கண்ணு, உங்கம்மாவுக்கு மட்டும் அட்டை போட்றாத. ஆறே வாரம். கவர்மெண்ட்டே செலவு பண்ணி மறக்க வெச்சுரும்."

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் மனைவி, "உங்களுக்குச் சோத்து அட்டையே போடறதில்லை இருங்க" என்றாள். இவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எழுதாமல் விடலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அச்சகத்தில் மிச்சமான பத்திரிகை அட்டையை அளவாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பெயர், ஊர், அப்பா அம்மா, அவருடைய ரத்த வகை. பிறகு நாங்கள் இருவரும். ஏழாவது அட்டை எனக்கு மிகவும் பிடித்தது. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போன பஸ்ஸில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பர்லியாற்றில் வண்டி நின்றதும் இவர் ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, கத்தி இல்லாமல் பல்லால் கடித்துப் பிளந்து என் மூக்கருகே பிடித்தார். புளிப்பில் அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் குமட்டலை மறந்து சிரித்தேன். பஸ்ஸே சிரித்தது. அந்த அட்டைக்கு ஒரு எலுமிச்சம்பழம்.

நாற்பதையும் நிரப்பினேன். மிதுனை எழுதவில்லை.

அவருக்காகத்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆறு வருடமாக ஒரு மனிதர் ஒரே வாக்கியத்தில் வெந்துகொண்டிருக்கிறார், அவராவது தப்பட்டும். இதில் பொய் இல்லை. ஆனால் டம்ளரை நீட்டிவிட்டு நிற்கிற அந்த நொடியிலிருந்து நானும் தப்ப வேண்டியிருந்தது. எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. மையத்துப் படிவத்தில் 'குழந்தைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அது உண்மையும்கூட. பெனிட்டா படிவத்தை வாங்கிக்கொண்டு, "விட்டுப்போனது ஏதாச்சும் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டார். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுதான்.

"ஒண்ணுமில்லைங்க."

மிதுனின் புத்தகம், துணி, போட்டோ எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி என் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். சைக்கிளை எப்போதோ கொடுத்தாகிவிட்டது. அந்த பிரேக் கட்டைகளும் அதோடு போய்விட்டன என்றே நினைத்திருந்தேன்.

ஆறு வாரமும் காலை ஏழு மணிக்கு எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் அட்டையை எடுத்துச் சொல்வேன். பொருளை அவருடைய வலது கையில் கொடுப்பேன். இடது கை எப்போதும் மூடிய முட்டியாகத் தொடைமேல் இருக்கும். மருந்தால் சிலருக்கு விரல்கள் இறுகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முதல் நாள் நாற்பது அட்டையும் முடிந்த பிறகு, அவர் எனக்கு முன்னால் கிடந்த அட்டைகளைப் பார்த்தார். எண்ணுவதுபோல இருந்தது.

"அவ்வளவுதானா கோதை?"

"அவ்வளவுதானுங்க மாமா."

"செரி" என்றார்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை என்று நினைக்கிறேன், மாலை டீயைக் கொடுத்துவிட்டு நின்றேன். அவர் ஊதிக் குடித்தார். "இருகூர்ல இருந்து மேற்க பத்தாவது கிலோமீட்டர்ல ஒரு எறக்கம் இருக்குது பாரு, அங்க வண்டி தானா வேகம் எடுக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் அவரைவிட்டுப் போய்விட்டது.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வேலை கிடைத்தது. நன்றாகவே செய்தார். சட்டையில் மண் இல்லாமல் வீட்டுக்கு வருகிற கணவரைப் பார்க்க எனக்கே விநோதமாக இருந்தது. ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மிதுன் படித்த பள்ளி வழியாக அவரை நடத்திக் கூட்டிப்போனேன். "இந்த ஸ்கூல் ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

கம்பிக் கதவுக்கு உள்ளே பார்த்தார். "பெருசாக் கட்டியிருக்கறாங்க. நல்லா காத்து வரும்" என்றார். பிறகு, "வெயிலா இருக்குது, போலாமா" என்றார்.

மருந்து அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது. அன்றிலிருந்து மிதுனுக்கு உலகத்தில் நான் ஒருத்திதான். அவன் இறந்த நாள் வரும்போது தங்கை வீட்டுக்குப் போய் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வருவேன். நான்கு வருடமும் அந்த நாளில் வீட்டுக்குத் திரும்பினால் மேசைமேல் தேங்காய் பன் இருக்கும். மிதுனுக்குத் தேங்காய் பன் என்றால் உயிர். "பேக்கரில சூடா இருந்துச்சு, வாங்கினன்" என்பார். என்ன ஏது என்று தெரியாமலே ஒரு மனிதர் இப்படிக் குத்த முடியுமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். வாயில் வைக்க மாட்டேன். அவர் தனியாக உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவார்.

ஐந்தாம் வருடம் கட்டுப்பாட்டு அறையை மாற்றினார்கள். தடம் வேறு, மேசை வேறு, முறை வேறு. மறுபடியும் மருந்து. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டாம் சுற்று எடுத்தவர்கள் குறைவு என்றும், என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அதே பெனிட்டா சொன்னார்.

"வேண்டாமுங்க மாமா. இருக்கறத வெச்சுப் பாத்துக்கலாம்" என்றேன்.

"சும்மா வீட்ல உக்காந்தா மனசு எங்கெங்கயோ போகும் கோதை. வேலை இருக்கோணும். ஒரு தடவை ஒடைச்ச மண்ணுதானே, இன்னொரு தடவை ஒடைச்சா என்ன?"

"மண்ணு எத்தன தடவைங்க தாங்கும்?"

"கருகிப் போற வரைக்கும் தாங்கும்" என்றார். பிறகு, "அதுக்குள்ள ரிட்டயர் ஆயிருவன், பயப்படாத" என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

அட்டைகளை எடுத்தேன். ஓரம் மடங்கியிருந்த சிலவற்றைப் புதிதாக எழுதினேன். அதே நாற்பது. அதே எலுமிச்சை. அதே மூடிய இடது கை.

இந்த முறை என் அட்டைகள் நிற்கவில்லை. இரண்டாம் வாரத்தில் பர்லியாற்றுக் கதையை நான் பாதி சொல்லி நிறுத்தினேன், மீதியை அவர் சொல்ல வேண்டும். எலுமிச்சம்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜூஸ் போடறதுக்குங்களா?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எலுமிச்சம்பழத்தை வாங்கி வைத்துவிட்டேன்.

நான்காம் வாரத்தில் ஒரு காலை, "கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்று கேட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் என்னிடம் 'நீங்க' போட்டுப் பேசியதில்லை. தண்ணீரைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளப் பார்த்தார். இடது கை விரியவில்லை.

மையத்தில் பெனிட்டா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அட்டை எதுவும் நிக்கலீங்கக்கா. சொன்னா ஆமாங்கறாரு. அடுத்த நிமிசம் இல்லை. ஆனா புதுத் தடத்துல பாதிக்கு மேல ஏறியிருக்குது. அதனால பழகற சக்தி இருக்குது, வேற ஏதோ ஒண்ணு அந்த எடத்தப் புடிச்சுட்டு இருக்குது." கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். "அக்கா, நீங்க எழுதாம விட்டது ஏதாச்சும் இருந்தா இப்பவாச்சும் எழுதுங்க. ரெண்டு வாரம் இருக்குது. ஒரு அட்டை போதும்."

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தேன். எதற்கு இப்படி வற்புறுத்துகிறார் என்று எரிச்சலாக இருந்தது. ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கிற தலைக்குள் செத்துப்போன பிள்ளையைக் கொண்டுபோய் வைப்பதா? என் பெயரையே மறந்துகொண்டிருக்கிறவரிடம், உனக்கு ஒரு மகன் இருந்தான், நீ பிரேக் மாட்டாததால் போய்விட்டான் என்று தினமும் காலையில் ஒரு மணி நேரம் சொல்வதா?

"இல்லைங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து இன்னும் உரக்க, இன்னும் விவரமாக என்னைப் பற்றிச் சொன்னேன். கல்யாணப் புடவையின் நிறம், என் அப்பாவின் மீசை, பட்டறை வாசலுக்கு நான் சோறு கொண்டுவந்து நின்ற தூக்குப்போசி. அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்பிடீங்களா" என்றார். "பரவால்லைங்களே" என்றார்.

ஆறாம் வாரம் வெள்ளிக்கிழமை பயிற்சி மேசையிலேயே வலிப்பு வந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்தார். கண் திறக்கவில்லை. திங்கட்கிழமை பகல் பதினொன்றரைக்கு முடிந்தது. கண்ணீர் அஞ்சலித் தாளை இந்த முறையும் நான்தான் பார்த்தேன். பிழை இல்லை.

பதினாறாம் நாள் முடிந்து ஒறம்பரை, சொந்தம் எல்லாம் கிளம்பிப் போன பிறகு பெனிட்டா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்னக் காகித உறை. உட்காரச் சொன்னேன். உட்காராமல் நீட்டினார்.

"ஆஸ்பத்திரில நர்ஸ் குடுத்தாங்கக்கா. அவர் கையில இருந்துச்சாம். மூணு நாளும் எத்தன தடவை விரலப் பிரிச்சாலும் திருப்பி மூடிக்கிட்டாராம். கடைசில தானா விட்டிருக்குது. மையத்துப் பொருள்ன்னு நெனைச்சு எங்ககிட்ட அனுப்பிட்டாங்க."

உறைக்குள் சைக்கிள் பிரேக் கட்டை ஒன்று. கறுப்பு ரப்பர், தேயவே இல்லை. ஓரங்கள் மட்டும் வியர்வையில் வழுவழுப்பாகியிருந்தன. ஜோடியில் ஒன்று. இன்னொன்று எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

பெனிட்டாவிடம் கேட்டேன். "இது எத்தன நாளா அவர் கையில இருந்துச்சுங்க?"

"முதல் சுற்றுல மொதல் நாள்ல இருந்துக்கா."

தினமும் ஒன்பது மணிக்கு, எங்களை வெளியே அனுப்பிய பிறகு, நினைவு சரியாக இருக்கிறதா என்று ஐந்தாறு கேள்விகள் கேட்டுப் பதிவு செய்வார்கள். வீட்டாரிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது விதி. பெனிட்டா அலைபேசியை எடுத்தார். "இத நான் உங்களுக்குக் காட்டக் கூடாது. வேலை போனாலும் போகுது. ரெண்டே ரெண்டு. மொதல்ல முதல் சுற்று, ரெண்டாவது நாள்."

பெனிட்டா கேட்க, இவர் பதில் சொல்கிற குரல் வந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய குரல்.

"வீட்ல எத்தன பேருங்க?"

"மூணு பேருங்க. நான், கோதை, மிதுன். மிதுன் இப்ப இல்லீங்க."

"அவர் பேரு அட்டைல காணோமே?"

"அவ எழுதலீங்க. எழுத முடியலையாட்ட இருக்குது." பிறகு, "அன்னிக்கு டீ லேட்டானது தன்னாலதான்னு நெனைச்சுட்டுக் கெடக்கறாளுங்க. நான் தெனம் அந்தப் பேச்ச எடுத்திருக்கறன் பாருங்க, கூறுகெட்டவன். அட்டை இல்லாதத நேத்துப் பாத்தப்புறம்தான் ஒறைச்சுது. திடீர்ன்னு நிறுத்தினாக் கண்டுபுடிச்சுருவா, ரெண்டு வாரம் போனதும் விட்டுர்றன். பையன நானே வெச்சுக்கறன். அவ அவளப் பத்திச் சொல்லட்டும், நான் கையில இத வெச்சுட்டு அவன நெனைச்சுக்கறன். மறந்த மாதிரியே இருந்துக்கறனுங்க. அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

பள்ளிக்கூடக் கம்பிக் கதவு முன்னால் அவர் நின்ற நிலை எனக்கு நினைவு வந்தது. வெயிலா இருக்குது போலாமா என்று சொன்னது. அன்று மேகமூட்டம். நான்கு தேங்காய் பன்கள்.

"எது மேல கவனம் இருக்குதோ அதுதான் நிக்கும்ங்கக்கா" என்றார் பெனிட்டா. "காதுல உங்க குரல், கையில இது, மனசுல பையன். முதல் சுற்றுல ரெண்டும் நின்னுச்சு. ரெண்டாவது சுற்றுல எடம் பத்தலை. அதனாலதான் அன்னிக்கு உங்கள அப்படிக் கேட்டன். அதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"இன்னொண்ணு?"

"வேண்டாமுங்கக்கா."

"போடுங்க."

கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. வலிப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு.

"வீட்ல எத்தன பேருங்க?"

"ரெண்டு பேருங்க. நானும் பையனும்." குரலில் தடுமாற்றமே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

"பையன் என்ன பண்றாரு?"

"ஆறாவது படிக்கறானுங்க. சைக்கிள்ல ஒரு வேலை பாக்கி இருக்குது. போனதும் மாட்டிக் குடுக்கோணும். டீ எல்லாம் அப்புறம்."

"உங்கள தெனம் கூட்டிட்டு வர்றாங்களே, அவங்க யாருங்க?"

நாற்காலி கிரீச்சிட்டது.

"அந்தம்மாங்களா? நல்லவங்க. தெனமும் காலைல வந்து என்னென்னமோ சொல்றாங்க. எலுமிச்சம்பழமெல்லாம் குடுக்கறாங்க. மனசு நோகக் கூடாதுன்னு எல்லாத்துக்கும் ஆமாங்கறன்." குரல் தணிந்தது. "பாவம், கொழந்தை ஒண்ணு தவறிப்போயிருக்கும் போல. மொகத்தப் பாத்தாத் தெரியுதுங்க. நான் கேக்கறதில்லை."

பதிவு நின்றுவிட்டது. பெனிட்டாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, "அக்கா" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாற்பது அட்டைகளையும் எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். மெய்ப்புப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் படித்தேன். மணப்பெண்ணாக நான் இருந்தேன். பஸ்ஸில் குமட்டியவளாக இருந்தேன். தூக்குப்போசியோடு பட்டறை வாசலில் நின்றவளாக இருந்தேன். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் நான் இருந்தேன். மிதுனின் அம்மாவாக ஒன்றில்கூட இல்லை. அவர் தக்கவைத்துக்கொண்ட ஒரே ஆளின் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கும். என் கையாலேயே அதைக் காலியாக விட்டிருந்தேன்.

இன்னொரு அட்டை வெட்டிக்கொண்டேன். எனக்கு மருந்து இல்லை, கதவு எதுவும் திறந்திருக்கவில்லை. இந்த வயதில் எது நிற்கும், எது உதிரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்கு அவருடைய நாற்காலிக்கு எதிரில் உட்காருகிறேன். இடது கையில் பிரேக் கட்டையை வைத்து மூடிக்கொள்கிறேன். சத்தமாகத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம், உங்கள் சட்டைப் பையில் ரப்பர் வாசனை, மிதுன் அதற்குள் கையை விட்டுப் பார்க்கிறான், நான் அடுப்படியிலிருந்து உங்கள் இருவரையும் பார்க்கிறேன்.